எட்டு நாடு, பன்னிரண்டு நாள், ஒரு பஸ்

பொங்கல் முடிந்த கையோடு நாளிதழ்களின் விளம்பரப் பக்கங்களுக்கு ஐரோப்பா வந்துவிடும். ஒரு ஓரத்தில் ஈஃபில் கோபுரம், இன்னொரு ஓரத்தில் பனிமலை, நடுவே கொட்டை எழுத்தில் ‘12 நாள், 8 நாடுகள்’. கீழே பொடி எழுத்தில் அதைவிட முக்கியமான உறுதிமொழிகள்: தமிழ் பேசும் டூர் மேனேஜர், தினமும் தென்னிந்தியச் சாப்பாடு, வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்களுக்குத் தனி ஏற்பாடு. தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் உள்ள டிராவல்ஸ் அலுவலகங்களில் கோடைப் புறப்பாடுகளுக்கு முன்பணம் கட்ட ஆள் வரத் தொடங்கும் காலம் அது. சென்னையில் கத்திரி வெயில் கொளுத்தும்போது ஆல்ப்ஸில் பனியை அள்ளிப் பார்க்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? இந்தப் பயணத்தைக் கேலி செய்வதும் இதே வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டது. கேலி பேசுபவர்கள் பெரும்பாலும் போகிறவர்களின் பிள்ளைகள்தான். ஓட்டமாக ஓடி, படம் எடுத்துக்கொண்டு, தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வருவதற்கு எதற்கு ஐரோப்பா என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் பாதி நியாயம் உண்டு. ஆனால் அடி விழுகிற இடம் தவறு. பஸ்ஸில் குற்றமில்லை. கூட்டமாகப் போவதில் குற்றமில்லை. தயிர்சாதத்தில் நிச்சயமாக இல்லை. குற்றமெல்லாம் அந்த எட்டு என்ற எண்ணில் இருக்கிறது.

முதலில் பஸ்ஸுக்காகக் கொஞ்சம் வாதாட வேண்டும். அறுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு தம்பதி, மூட்டுவலியோடு, சர்க்கரை மாத்திரைகளோடு, பிரெஞ்சும் ஜெர்மனும் தெரியாமல் ஐரோப்பாவைப் பார்க்க நினைத்தால் என்ன வழி? ரயில் பாஸ் வாங்கிக்கொண்டு தாங்களே போகலாமே என்கிறார் மியூனிக்கில் வேலை பார்க்கும் மகன். இரண்டு பெட்டிகளைப் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு நான்கு நிமிடத்தில் பிளாட்பாரம் மாறும் வயதில் இருப்பவருக்கு அது சரி. பெற்றோருக்கு வேண்டியது வேறு. விசாத் தாள்களைச் சரிபார்த்து, விண்ணப்பம் வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்துக்கு அழைத்துப்போக ஒருவர், ராத்திரி நெஞ்சு வலித்தால் கதவைத் தட்டிக் கூப்பிட ஒருவர், கழிப்பறை எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்ல ஒருவர். கணவரை இழந்த பெண்கள், மணம் செய்துகொள்ளாத பெண்கள், கணவருக்குப் பயணத்தில் நாட்டமில்லாத பெண்கள் என்று ஒரு பெரும் பகுதியினர் வெளிநாட்டைக் கண்ணால் பார்த்ததே இந்தக் குழுக்களால்தான். இது இன்று நேற்று நடக்கிற சங்கதியும் இல்லை. 1841 ஜூலையில் லெஸ்டரிலிருந்து லஃப்பரோ வரை மதுவிலக்குக் கூட்டத்துக்கு ஏறத்தாழ ஐந்நூறு பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துப்போன தாமஸ் குக், 1863இல் சுவிட்சர்லாந்துக்கு முதல் குழுவைக் கூட்டிப்போனபோது அதில் யார்க்ஷயரைச் சேர்ந்த ஜெமிமா மோரெல் என்ற இளம்பெண்ணும் இருந்தார். தனியாகப் போயிருக்க வாய்ப்பே இல்லாத பெண் அவர். அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அடுத்த இரண்டாண்டுகளில் சார்லஸ் லீவர் என்ற நாவலாசிரியர் குக்கின் பயணிகளை மந்தை என்று பரிகசிக்கத் தொடங்கிவிட்டார். கடைக்காரரும் குமாஸ்தாவும் தங்கள் இடத்துக்கு வந்துவிட்டார்களே என்ற மேட்டுக்குடி எரிச்சல்தான் அது. இன்று பிள்ளைகள் செய்யும் கேலியிலும் அந்த வாடை கொஞ்சம் அடிக்கிறது.

அந்த 1863 பயணத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. மூன்று வாரம் ஆனது. பாரிஸைத் தொட்டுக்கொண்டு அவர்கள் பார்த்தது முக்கியமாக ஒரே நாட்டை. கோவேறு கழுதை மேலும் கால்நடையாகவும் கணவாய்களைக் கடந்தார்கள். குழுப் பயணம் என்றாலே அவசரப் பயணம் என்று எந்த விதியும் இல்லை. அவசரம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டவைத்தது வாங்குபவரும் விற்பவரும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ஓர் அளவுகோல்: எத்தனை நாடு?

அந்த அளவுகோலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, இத்தாலி என்று ஏழு. எட்டாவது வத்திக்கான். சில பட்டியல்களில் லீக்டன்ஸ்டைன் ஒன்பதாவது. வத்திக்கானின் பரப்பு 44 ஹெக்டேர், அதாவது 110 ஏக்கருக்கும் குறைவு. அடையாற்றில் பிரம்மஞான சபையின் தோட்டம் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பெரிது. லீக்டன்ஸ்டைன் 160 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சியில் பாதிகூட இல்லை. சிஸ்டைன் தேவாலயமும் அருங்காட்சியகமும் சேர்ந்து அரை நாளாவது கேட்கும். ஆனால் நாட்டுக் கணக்கில் சேர்வதற்குப் புனித பேதுரு சதுக்கத்தில் கால் வைத்தால் போதும். பாஸ்போர்ட்டில் முத்திரையாவது கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஒரே விசாவில் போய்வரும் ஷெங்கன் நாடுகளுக்குள் எல்லைச் சோதனை வழக்கமாகக் கிடையாது. உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் மட்டுமே முத்திரை. 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறையில் அதற்கும் பதிலாக முகமும் கைரேகையும் கணினியில் பதிவாகின்றன. லீக்டன்ஸ்டைனின் தலைநகர் வடூஸில் சுற்றுலா அலுவலகத்தில் சில பிராங்க் கொடுத்தால் நினைவுக்கு ஒரு முத்திரை குத்தித் தருவார்கள். ஆக, காசு கொடுத்தால்தான் அது நாடு என்று பாஸ்போர்ட்டுக்கே தெரிகிறது.

எண்ணிக்கை கூடினால் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ளலாம். பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஆம்ஸ்டர்டாம். அநேகமாக எல்லாத் திட்டத்திலும் இது உண்டு. ஐந்தரைக்கு எழுப்பும் மணி, ஆறரைக்குப் பெட்டி அறை வாசலில், எட்டு மணிக்குப் பஸ். பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸ் 300 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் ஒரு நிறுத்தம், ஊருக்குள் நுழையும் நெரிசல், பிறகு இந்திய உணவகத்தில் மதியச் சாப்பாடு. எல்லாம் முடிந்து கிராண்ட் பிளேஸ் சதுக்கத்தில் நிற்கும்போது மணி இரண்டு. 1695இல் பிரெஞ்சுப் படையின் பீரங்கிகள் தரைமட்டமாக்கிய சதுக்கம் அது. வணிகச் சங்கங்கள் நாலைந்து வருடத்துக்குள் மறுபடி கட்டி எழுப்பிய வீடுகள் சுற்றிலும் நிற்கின்றன. பல வீடுகளின் முகப்பில் எந்தத் தொழிலின் சங்கம் கட்டியது என்பதற்கான அடையாளம் உண்டு. அதை அண்ணாந்து பார்த்து முடிப்பதற்குள் டூர் மேனேஜரின் கொடி நகர்ந்துவிடும். அடுத்து, சிறுநீர் கழிக்கும் சிறுவன் சிலை. உயரம் 55.5 சென்டிமீட்டர். நாற்பத்தைந்து பேரும் அடித்துப்பிடித்துப் படம் எடுக்கும் அந்தச் சிலை 1965இல் வைத்த நகல். அசல், அவர்கள் இப்போதுதான் கடந்து வந்த அதே சதுக்கத்தின் நகர அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. உள்ளே போக நேரமில்லை. சாக்லேட் கடையில் இருபது நிமிடம், பிறகு ஆம்ஸ்டர்டாம் நோக்கி இன்னும் 200 கிலோமீட்டர். பெல்ஜியம் முடிந்தது.

டூர் மேனேஜர் அவசரப்படுத்துவதை அவருடைய சுபாவம் என்று நினைப்பவர்கள் உண்டு. சட்டத்தைப் பார்த்தால் அவர்மேல் இரக்கம்தான் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதிப்படி பஸ் ஓட்டுநர் ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. நாலரை மணி நேர ஓட்டத்துக்கு முக்கால் மணி ஓய்வு. 24 மணி நேரத்தில் தொடர்ந்து பதினொரு மணி நேரம் அவருக்கு முழு ஓய்வு தர வேண்டும். சில நாட்களில் ஒன்பதாகக் குறைக்கலாம். இதையெல்லாம் வண்டியில் பூட்டிய கருவி பதிவு செய்துகொண்டே இருக்கும், போலீஸ் நிறுத்திப் பார்க்கலாம். நல்ல சட்டம். நம்மூர் ஆம்னி பஸ் ஓட்டுநர்களுக்கும் இப்படி ஒரு கருவியும் அதைப் பார்க்கும் ஆளும் இருந்தால் எத்தனையோ விடியற்காலை விபத்துகள் நடந்திருக்காது. காலை எட்டுக்குக் கிளம்பிய பஸ் சாதாரண நாளில் இரவு ஒன்பதுக்குள் ஓய்வுக்குப் போயாக வேண்டும் என்பதுதான் அந்த ஐரோப்பிய விதியின் விளைவு. பதின்மூன்று மணி நேரம் என்ற பெட்டிக்குள் தூரத்தை அதிகமாகத் திணித்தால், பிதுங்கி வெளியே விழுவது ஊர்தான். பாரிஸில் தொடங்கி ரோமில் முடியும் வழக்கமான பாதையை வரைபடத்தில் கூட்டிப் பார்த்தால் 2,500 கிலோமீட்டருக்குக் குறையாது. விமானத்தில் போகும் முதல் நாளையும் கடைசி நாளையும் கழித்தால் மிச்சம் பத்து நாள். அந்தப் பத்து நாட்களின் பகல் பொழுதில் மூன்றில் ஒரு பங்கு நெடுஞ்சாலைக்குப் போய்விடுகிறது.

மாலைப் பொழுது போகும் விதம் இதைவிட வருத்தமானது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் குழுக்கள் போகும் மே, ஜூன் மாதங்களில் பாரிஸில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை, பத்து ஆகும். அந்த ஊர்க்காரர்கள் வேலை முடிந்து ஆற்றங்கரையில் வந்து உட்காருவது, குழந்தைகள் பூங்காவில் விளையாடுவது, தெருவோரத்தில் ஒருவர் வயலின் வாசிப்பது எல்லாம் அந்த நேரத்தில்தான். நம் பயணிகள் அப்போது எங்கே? ஏழு மணிக்குச் சப்பாத்தியும் சாம்பாரும் முடித்து, நகரத்துக்கு வெளியே இருபது கிலோமீட்டர் தள்ளி நெடுஞ்சாலையோர ஓட்டல் அறையில், அடுத்த நாளுக்குப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். ஓட்டல் அங்கே இருப்பதற்குக் காரணம் வாடகை மட்டும் இல்லை. ஊருக்குள் பெரிய பஸ்ஸை நிறுத்த இடம் கிடையாது. காலையில் நெடுஞ்சாலையைப் பிடிக்க அதுதான் தோது. ஒரே இரவு தங்குகிற ஊரில் மையத்தில் ஓட்டல் எடுப்பது டிராவல்ஸ்காரருக்கு வீண் செலவு. ஆகவே எத்தனை நாடு என்ற கேள்வியே எங்கே படுப்பது என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

இது வருங்காலத்தில் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பவும் வழியில்லை. நகரங்கள் இப்படிப்பட்ட பஸ்களை வெளியே தள்ளத் தொடங்கிவிட்டன. ஆம்ஸ்டர்டாம் 2024 முதல் ஏழரை டன்னுக்கு மேற்பட்ட சுற்றுலாப் பஸ்கள் நகர மையத்துக்குள் வருவதைத் தடுத்துவிட்டது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் மக்கள்தொகை எண்ணூறுகூட இல்லை. அங்கே 2020 முதல் முன்பதிவு செய்த பஸ்ஸுக்கே இடம். வெனிஸ் 2024 ஏப்ரலில் பகல்நேரப் பயணிகளுக்கு ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் விதித்தது. 2025இல் கட்டண நாட்களை 54ஆக உயர்த்தி, கடைசி நேரத்தில் பதிவு செய்பவர்களிடம் பத்து யூரோ வாங்கியது. வழிகாட்டியோடு வரும் குழு 25 பேரைத் தாண்டக் கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்றும் சொல்லிவிட்டது. நாற்பத்தைந்து பேர் வரும் நம் பஸ் அங்கே இரண்டாகப் பிரிந்தாக வேண்டும். சுற்றுலாப் பயணிகள்மேல் வெறுப்பு என்று இதை எடுத்துக்கொள்ளலாம், அப்படி எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வெனிஸின் விதியைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வேறொன்று தெரியும். நகராட்சி எல்லைக்குள் ஒரு இரவாவது தங்குபவருக்கு அந்தக் கட்டணம் இல்லை. ஆக, ஊருக்குப் பிரச்சினை வருகிறவர்கள் மீது இல்லை. காலை பத்துக்கு வந்து, சான் மார்க்கோ சதுக்கத்தை அடைத்துக்கொண்டு நின்று, பிற்பகல் மூன்றுக்குப் பாதுவா பக்கத்து ஓட்டலுக்குத் திரும்பிவிடுகிறவர்கள்மீதுதான். நம் பன்னிரண்டு நாள் திட்டம் அச்சு அசலாக அந்த வகை.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வெனிஸ் வரை போக வேண்டியதில்லை. கபாலீசுவரர் கோவிலுக்கு வெளிநாட்டுக் குழுக்கள் வருவதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். சாந்தோம் பேராலயத்தில் கால் மணி, இங்கே அரை மணி, பிறகு மாமல்லபுரத்துக்கு வண்டி. இந்து அல்லாதவர்கள் கருவறைப் பக்கம் போக முடியாது; கோபுரத்தைப் படம் எடுத்து, பிராகாரத்தில் ஒரு சுற்று நடந்து, புன்னை மரத்தடியைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பன்னிரண்டரைக்கு வந்தால் நடை சாத்தியிருக்கும். தெற்கு மாட வீதியில் வாழைப்பூவும் சுண்டைக்காயும் கூறு கட்டி விற்கும் பெண்கள், நவராத்திரிக்கு முன் வடக்கு மாட வீதியில் பரப்பி வைத்த கொலு பொம்மைகள், சாயங்காலம் குளத்துப் படியில் உட்கார்ந்து அரசியல் பேசும் பெரியவர்கள், எதுவும் அவர்கள் கணக்கில் இல்லை. பங்குனியில் அறுபத்து மூவர் அன்று வந்தால் அவர்கள் பஸ் ராயப்பேட்டை நெடுஞ்சாலையையே தாண்டாது. ஊரை முடித்துப்போன அவர்கள் இந்தியா என்ற பெட்டியில் டிக் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் மாட வீதிக்காரர் சிரிப்பார். ஜனவரியில் மயிலாப்பூர் விழாவின்போது நடக்கும் பாரம்பரிய நடைகளில் இரண்டு மணி நேரத்தில் நாலு தெருவைத்தான் சுற்றிக் காட்டுகிறார்கள். இவ்வளவு தெரிந்த அதே மாட வீதிக்காரர் பிளாரன்ஸை முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு வருவதுதான் வேடிக்கை.

எதிர்வாதங்களில் பலமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆயுளில் ஒரு முறைதான் போகப் போகிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா? இதன் பின்னால் நம் பயண மரபே நிற்கிறது. கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோவில்களுக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகமே சிறப்புப் பஸ் விடுகிறது. திவ்ய தேசம் என்றால் நூற்றியெட்டு, பாடல் பெற்ற தலம் என்றால் இருநூற்று எழுபத்தாறு என்று எண்ணிக்கையோடுதான் நாம் பயணத்தை யோசித்துப் பழகியிருக்கிறோம். அந்தக் கணக்கு அங்கே பொருந்துகிறது. ஆலங்குடியில் அரை நிமிடம் குருபகவானைப் பார்த்தாலும் தரிசனம் தரிசனம்தான்; அதில் குறை இல்லை, இன்னும் பத்து நிமிடம் நின்றால் பலன் கூடும் என்றும் இல்லை. ஒரு நகரம் அப்படித் தரிசனம் தராது. நேரம் கொடுத்தால்தான் அது தன்னைக் காட்டும். லூவ்ரின் கண்ணாடிப் பிரமிடுக்கு முன்னால் எடுத்த படம் லூவ்ரைப் பார்த்ததாகாது; பல திட்டங்களில் உள்ளே போவதே கிடையாது. கோவில் யாத்திரையின் எண்ணிக்கையை அப்படியே தூக்கி ஐரோப்பா மேல் போட்டதில்தான் தொடங்குகிறது சிக்கல். உண்மையிலேயே ஒரே முறைதான் போக முடியும் என்றிருப்பவருக்கு இந்த வாதம் இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். இன்னொரு வாய்ப்பு இல்லாதவர் அல்லவா போகிற இடத்தை ஒழுங்காகப் பார்க்க வேண்டும்? தென் சென்னையின் நடுத்தர, மேல் நடுத்தர வர்க்கத்துக்கு ‘ஒரே முறை’ என்பதும் முன்போல் அவ்வளவு உண்மை இல்லை. டப்ளினிலோ ஸ்டாக்ஹோமிலோ பிள்ளை இருக்கும் வீடுகள் இங்கே தெருவுக்கு நாலு. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியர்களுக்கென்று விதியைத் தளர்த்தியது: மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசாக்களை முறையாகப் பயன்படுத்தியிருந்தால் அடுத்தது இரண்டாண்டுக்கு, அதன் பிறகு ஐந்தாண்டுக்குப் பல முறை போய்வரும் விசா கிடைக்கும்.

அடுத்தது பணம். விமானத்துக்கும் விசாவுக்கும் எப்படியும் கொடுக்கப் போகிறோம், அதே செலவில் இன்னும் நாலு நாடு வந்தால் லாபம்தானே என்பது தெருமுனை நியாயம். முதல் பாதி சரி. ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. ஒரு நாட்டுக்கும் அதே, எட்டுக்கும் அதே. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் அப்படியே. இரண்டாம் பாதியில்தான் ஓட்டை. ஒவ்வொரு கூடுதல் நாடும் டீசலாக, சுங்கச் சாவடிக் கட்டணமாக, ஓட்டுநர் சம்பளமாகச் செலவைக் கூட்டுகிறது. அந்தச் செலவை ஈடுகட்டத்தான் ஓட்டல் ஊருக்கு வெளியே போகிறது, அருங்காட்சியக நுழைவுச் சீட்டு காணாமல் போகிறது. பேருக்கு ஒரு நாட்டைச் சேர்க்கிறோம், அதன் விலையை ஏற்கெனவே இருக்கும் ஊர்களிலிருந்து வெட்டி எடுக்கிறோம். மூன்று ஊரில் மூன்று மூன்று இரவாகத் தங்கும் திட்டம் மலிவாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஊருக்குள் ஓட்டல் விலை அதிகம்தான். மொத்தத் தொகை அதேயாகவோ கொஞ்சம் கூடவோ வரலாம். கொடுக்கிற லட்சங்களுக்கு டீசல் வாங்கப் போகிறோமா, ஊர் வாங்கப் போகிறோமா என்பதே கேள்வி. ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ருக்கின் பழைய நகரத்துக்கு ஒரு மணி நேரம், பக்கத்து வாட்டன்ஸில் ஒரு கண்ணாடிக்கல் நிறுவனம் தன் நூற்றாண்டுக்காக 1995இல் திறந்த காட்சிக்கூடத்துக்கு இரண்டு மணி நேரம் என்ற பங்கீட்டைப் பார்த்தால் அந்தப் பணம் எந்தக் கணக்கில் போகிறது என்று விளங்கும்.

சாப்பாடு, உடல்நலம் என்ற வாதம் உண்மையில் என் பக்கம்தான் பேசுகிறது. வயதானவர்களைக் களைக்க வைப்பது நடை இல்லை. தினமும் ஐந்தரைக்கு எழுந்து, மருந்தைத் தேடி எடுத்து, பெட்டி கட்டி, புது ஓட்டலில் புதுக் குளியலறைக் குழாயோடு மல்லுக்கட்டுவது. நாலு இரவு ஒரே அறை என்றால் ஒரு நாள் முடியாதவர் அறையில் படுத்துக்கொள்ளலாம். மறுநாள் ஊர் அங்கேயே இருக்கும். ஓடும் பஸ்ஸில் அந்த வசதி கிடையாது, காய்ச்சலோடும் ஏறித்தான் ஆக வேண்டும். குழுவோடு போகும் சமையல்காரருக்கும் ஒரே இடத்தில் அடுப்பு வைப்பது சுலபம். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் எப்படியும் பெட்டியில் வரும். நெய் பாட்டிலை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது. பயணிகள் வெளியிலிருந்து பால் பொருள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. ஒரே ஊரில் தங்குவதில் இன்னொரு வசதியும் உண்டு. சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனிலும் லூசெர்னிலும் ஓட்டலில் தங்குபவர்களுக்கு உள்ளூர்ப் பஸ்ஸில் இலவசமாகப் போக விருந்தினர் அட்டை தருகிறார்கள். எட்டு நாட்டுக் குழுவில் போகும் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதைப் பயன்படுத்தும் அளவுக்கு அவர்கள் அங்கே இருப்பதில்லை.

அவரவர் சந்தோஷம் அவரவருக்கு, நீ யார் கேட்க என்றும் சொல்லலாம். சுவிட்சர்லாந்தின் டிட்லிஸ் மலை உச்சியில் ஷாருக் கான், கஜோல் படப் பலகை பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதில் ஒருவருக்கு நிறைவு என்றால் அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. சினிமாப் பாட்டில்தான் நாம் ஐரோப்பாவை முதலில் பார்த்தோம். ஸ்ரீதரின் ‘சிவந்த மண்’ 1969இல் வந்த நாளிலிருந்து அந்த மயக்கம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் திரும்பி வந்தவர்கள் எது எந்த ஊர் என்று படங்களைப் பார்த்துக் குழம்புவதும், அடுத்த முறை போனால் சுவிட்சர்லாந்தில் மட்டும் பத்து நாள் இருக்க வேண்டும் என்று சொல்வதும் இந்த வட்டாரத்தில் சாதாரணம். அவர்கள் விரும்பியது கிடைத்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. என்ன விற்றார்களோ அதை வாங்கியிருக்கிறார்கள். டிராவல்ஸ்காரரைக் கேட்டால் நாடு குறைந்தால் ஆள் சேராது என்பார். ஆள் கேட்டதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேட்பதற்குத் தனித் திறமை எதுவும் வேண்டாம். தியாகராய நகர் அலுவலகத்தில் வண்ணத் தாளை நீட்டும்போது எத்தனை நாடு என்பதை விட்டுவிட்டு, எத்தனை ஓட்டல், ஒவ்வொன்றும் நகர மையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், எந்தெந்த இடத்துக்கு உள்ளே அழைத்துப் போவீர்கள், எதை வெளியிலிருந்து காட்டுவீர்கள், எந்த மாலை எங்கள் கையில் என்று கேட்டால் போதும். சுவிட்சர்லாந்து, பாரிஸ் மட்டும் என்ற சிறிய திட்டம் அதே அலுவலகங்களில் ஏற்கெனவே இருக்கிறது. தேனிலவுத் தம்பதிகளுக்கும் விடுப்புக் குறைவானவர்களுக்கும் என்று அதை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதோடு ரோமைச் சேர்த்து, பன்னிரண்டு நாளாக நீட்டி, தமிழ் மேனேஜரையும் சமையலையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஊர்விட்டு ஊர் போகும் நாட்களுக்கு மட்டும் பஸ் என்று மாற்றச் சொல்லலாம். முப்பது பேர் சேர்ந்து வந்தால் தனிப் புறப்பாடு போட எந்த டிராவல்ஸும் தயங்காது. லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் சேர்ந்து நடக்கும் இரண்டு குழுக்கள் மனது வைத்தால் அந்த முப்பது வந்துவிடும். விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்க முடியும் என்பதால், மே மாதப் பயணத்துக்குப் பொங்கல் விளம்பரம் வரும்வரை காத்திருக்காமல் தீபாவளி முடிந்ததுமே பேசத் தொடங்கலாம்.